சுடச்சுட ஓர் இலைச் சாப்பாடு

ஒன்பதாம் வகுப்பு தர்ஷினிக்கு வாய் நீளம். ‘கோல்டு ஷோல்டர்’ கொடுப்பது என்றால் முகம் கொடுக்காமல் ஒதுக்குவது என்று நான் சொல்லி முடிப்பதற்குள், தோளுக்கும் குளிருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுவிட்டாள். இங்கிலீஷ்காரர்கள் வேண்டிய விருந்தாளிக்குச் சூடாகச் சமைப்பார்களாம். போய்த் தொலைந்தால் தேவலை என்கிற ஆளுக்கு, மிஞ்சிய ஆட்டுத் தோள்கறியை ஆறிப்போனபடியே வைப்பார்களாம் என்றேன். அது பிற்பாடு கட்டிவிட்ட கதை, தோளைத் திருப்பிக்கொள்வதுதான் அசல் பொருள் என்பாரும் உண்டு. பிள்ளைகளுக்குக் கறிக்கதைதான் பிடித்தது. எனக்கும்தான்.

அந்தச் சனிக்கிழமை வலங்கைமானில் பஸ் ஏறி நன்னிலத்துக்கு, அண்ணன் வீட்டுக்குப் போனேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு. அப்பாவின் நிலத்துக்காக அண்ணன் தங்கையனுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியவள் நான். என் முன்கோபம் ஊரறிந்தது. நோட்டீஸைத் திரும்பப் பெற்று ஆறு மாதமாகியும் அண்ணன் போன் செய்யவில்லை. கல்யாணம் காட்சி என்று எதுவும் செய்துகொள்ளாத எனக்கு, வீடு என்று சொல்ல அது ஒன்றுதான். மறுபடி சேர்த்துக்கொள்வார்களா என்று தெரிந்தாக வேண்டும்.

முன்பெல்லாம் நான் போனால் அண்ணி ஆனந்தவல்லி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். பானையில் பழையது இருக்கிறது, போட்டுக்கொள் அனு என்பாள். அடுப்படியிலேயே சம்மணம் போட்டு, மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டு சாப்பிடுவேன்.

இந்தத் தடவை வாசலுக்கே வந்து, “வாங்க” என்றாள். கூடத்தில் தலைவாழை இலை. ஆவி பறக்கும் சோறு, சாம்பார், இரண்டு பொரியல், அப்பளம், பாயசம். அண்ணன் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்று விட வேண்டும் என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பேசுவதுபோலப் பேசினார். நோட்டீஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் அழுதிருப்பேன், தேவலையாக இருந்திருக்கும்.

“அண்ணி, பழையது இருக்கா?”

“வந்தவங்களுக்குப் பழையதா போடுவாங்க? கூச்சப்படாம சாப்பிடுங்க.”

இன்னொரு கரண்டி சுடுசோறு விழுந்தது. இங்கிலீஷ்காரர்கள் ஆறிய கறியை வைத்துச் செய்ததை அண்ணி சுடுசோற்றிலேயே செய்து முடித்தாள். ஒரு பருக்கை விடாமல் தின்றேன். பிறகு பழக்க தோஷத்தில் இலையைச் சுருட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்தேன். அண்ணி குறுக்கே வந்து நின்றாள்.

“இருக்கட்டும். நாங்க எடுத்துக்கிறோம்.”

அண்ணன் வாசல் குழாயைக் காட்டினார். அங்கே போய்க் கை கழுவினேன். சுட்ட விரல்கள் அப்போதுதான் எரிய ஆரம்பித்தன.