இரண்டு பேர் நிற்கும் கூடை

மரம் வெட்டுகிறவனை மரத்தில் ஏறாதே என்றால் அவன் என்னதான் செய்வான்? கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "அந்தக் கொப்பை விடு, மற்றதைப் பிடி" என்று தொண்டை கிழியக் கத்துவான். சந்தியோகு பல வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தான். மேலே ஏறுவது அவனுடைய மனைவியின் தம்பி சுபாஸ். மன்னார்த் தீவில் பேசாலையிலிருந்து தலைமன்னார் வரை எந்தக் கூரைக்கு மேலே கொப்புச் சாய்ந்தாலும் ஆள் தேடி வருவது இவர்கள் இரண்டு பேரிடமும்தான்.

சந்தியோகு விழுந்தது ஒரு வேம்பிலிருந்து. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் அவன் நினைவு தப்பிக் கிடந்தபோது மனைவி அகஸ்ரினா மடுக் கோயிலுக்குப் போய் முழங்காலில் நின்றாள். "இந்த மனுசனை எழுப்பித் தாங்கோ மாதாவே, இனி இவர் மரத்தில ஏறமாட்டார்." மாதா எழுப்பிக் கொடுத்தாள். கண்ணைத் திறந்தவனுக்கு அகஸ்ரினா முதலில் தண்ணீர் கொடுத்தாள், பிறகு தான் வைத்த நேர்த்திக்கடனைச் சொன்னாள். நேர்ந்த வாய் அவளுடையது, கட்டுப்பட்ட கால் இவனுடையது. கோபிக்கலாமென்றால் யாரைக் கோபிப்பது? உயிரைத் தந்தவளையா, உயிரைக் கேட்டவளையா? ஒருத்தியையும் கோபிக்க முடியவில்லை.

கால் கொஞ்சம் நொண்டியதோடு அவனுக்கு வேறு குறையில்லை. மேலே போக வேண்டும் என்ற ஆசை மட்டும் ஆறவில்லை. தீவுக்காரருக்குக் கடல் ஒன்றும் புதினமில்லைத்தான். ஆனால் வடகடலை வடக்கே போய்ப் பார்ப்பார்கள், தென்கடலைத் தெற்கே போய்ப் பார்ப்பார்கள். உயர்ந்த மரத்தின் நுனிக்குப் போனால்தான் இரண்டும் ஒரே பார்வைக்குள் வரும். நடுவில் ஊர், விரித்துப்போட்ட பாய் மாதிரிக் கிடக்கும். கல்யாணம் முடித்த புதிதில் இதை அகஸ்ரினாவுக்குச் சொல்லிப் பார்த்தான். "எங்கயிருந்து பாத்தாலும் அது உப்புத் தண்ணிதானே" என்று சொல்லிவிட்டு அவள் மீனைக் கழுவப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவன் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்திருந்ததாலோ என்னவோ, ஏக்கம் வருடத்துக்கு வருடம் வளர்ந்துகொண்டே போனது.

அந்தோனியார் கோயில் வாகை பட்டுப்போகத் தொடங்கியபோதுதான் கதை மாறியது. பெரிய கொப்பு ஒன்று கோயில் ஓட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. திருநாளும் கிட்டிவிட்டது, பலமாக வீசும் சோளகக் காற்றும் கிட்டிவிட்டது. பாதியளவு ஏறிய சுபாஸ் சறுக்கிக்கொண்டு இறங்கினான். "உள்ளுக்கு முழுக்க உக்கிக் கோறையாப் போச்சு அத்தான். காலை வைக்க ஏலாது." அன்றைக்குத்தான், ஆளைக் கூடையில் வைத்து மேலே தூக்கும் மெசின் ஒன்று வாங்குவதென்று முடிவானது. பிரான்சிலிருக்கும் அகஸ்ரினாவின் அண்ணன் கைகொடுத்தார்.

புறப்படும்போது அகஸ்ரினா படலையில் நின்று சொன்னாள்: "மெசினை வாங்குங்கோ, வேண்டாமெண்டு சொல்லேல்ல. ஏறுறது தம்பி."

"ஓம்" என்றான் சந்தியோகு.

கொழும்புக்கு வெளியே, பாவித்த மெசின்களை இறக்கி விற்கும் வளவு ஒன்றுக்குப் போனார்கள். காட்டிக்கொண்டு வந்தவர் றிஸ்லான் என்ற தரகர், வாய் ஓயாத மனுசன். லொறியோடு சேர்ந்த பெரிய லிப்றை முதலில் காட்டினார். அதை ஏறெடுத்தும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. கோயில் கேற்றுக்குள்ளே அது நுழையாது, நுழைந்தாலும் மணலில் புதைந்துபோகும். அடுத்தது சின்னச் சில்லு வைத்தது. ஒராள் நிற்கும் கூடை, பாரமில்லை. சுபாஸுக்கு அதில் மனம் விழுந்துவிட்டது.

சந்தியோகு மூன்றாவதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். சில்லுக்குப் பதிலாக றப்பர்ப் பட்டியில் ஊர்ந்து போகும் மெசின் அது. ஒடுங்கின உடம்பு. நின்ற இடத்தில் நான்கு பக்கமும் காலை விரித்து ஊன்றிக்கொள்ளும். கூடையைக் கழற்றினால் கேற்றுக்குள்ளால் போய்விடும். மணலுக்கு இதுதான் சரி என்று றிஸ்லானும் ஒத்துக்கொண்டார். ஒரு விசயத்தில்தான் இழுபட்டது. அதற்கு இரண்டு கூடை இருந்தன, ஒராள் நிற்பது ஒன்று, இரண்டு பேர் நிற்பது ஒன்று.

"ஒராளுக்குச் சின்னது காணும் அண்ணன்" என்றார் றிஸ்லான். "செயின்சோ பிடிக்கிற ஆளுக்குப் பக்கத்துல இன்னொருத்தர் நிண்டா, அவருக்குத்தான் ஆபத்து."

"பெரியதைத் தாங்கோ."

"ரெண்டாவது ஆள் ஆர் அத்தான்?" என்று கேட்டான் சுபாஸ்.

"கயிறு பிடிக்க ஒராள் வேணுமெல்லே."

கயிறு பிடிக்கிறவன் கீழே நிற்பான். அது சுபாஸுக்கும் தெரியும், சந்தியோகுவுக்கும் தெரியும், வந்த கொஞ்ச நேரத்தில் றிஸ்லானுக்கும் தெரிந்துவிட்டது. சின்னக் கூடையை எடுத்தால் சுபாஸுக்கு மட்டும்தான் இடம். பெரியதை எடுத்தால் அவன் பக்கத்தில் ஒரு இடம் சும்மா கிடக்கும். அந்த வெறும் இடத்தைத்தான் சந்தியோகு வாங்கினான். அதில் தான் நிற்கப்போவதில்லை என்று தெரிந்துகொண்டே வாங்கினான். லீவர்களைச் சொல்லிக்கொடுத்தபோது சுபாஸைவிட அவன்தான் உன்னிப்பாகக் கேட்டான். இடுப்புப் பெல்ற்றும் இரண்டு எடுத்தான்.

லொறியில் ஏற்றுவது லேசான வேலையில்லை. சரிவுப் பலகையில் மெசினை ஊரவிட்டு ஏற்றி, அதன் தூக்கும் கையை மடக்கிப் பூட்டி, அடியிலிருக்கும் வளையங்களில் கட்டுப் பட்டி போட்டு இறுக்கினார்கள். மடக்கிய கையில் பட்டி போட்டால் வழியில் அது வளைந்துவிடும் என்று றிஸ்லான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கழற்றிய கூடையைப் பின்னால் நிமிர்த்தி வைத்துக் கட்டினார்கள்.

மதவாச்சியில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோது, பட்டி தளர்ந்திருக்கிறதா பார்த்துவிட்டு வருகிறேன் என்று சந்தியோகு லொறியில் ஏறினான். ஆள் திரும்பி வரவில்லை. தேடிப்போன சுபாஸ் பின்பக்கத்தில் எட்டிப் பார்த்தான். அத்தான் கூடைக்குள்ளே நின்றார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த மரங்களின் தலைப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். வந்த சத்தமே காட்டாமல் திரும்பிப்போய், இன்னொரு தேத்தண்ணிக்குச் சொன்னான்.

மடுச் சந்தி வந்ததும் சுபாஸ் லொறிக்காரரை மெதுவாக ஓட்டச் சொன்னான். "போய் மாதாவிட்ட உத்தரவு கேட்டுப் பாப்பமே அத்தான்? கேட்டால் அவ தராமலே விடுவா?"

"அதுக்குத்தான் பயம்" என்றான் சந்தியோகு. "மாதா தந்து, உன்ர அக்கா தராட்டி நான் என்ன செய்யிறது? லொறியை நேரை விடச் சொல்லு."

தீவுக்குள் நுழையும் பாலத்தடியில் காற்று லொறியைத் தள்ளியது, பட்டிகள் விசில் அடித்தன. காவலில் நின்ற ஆமிக்காரப் பொடியன் மெசினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "மேக்க மொகக்த?" இது என்ன என்று கேட்டான். மரம் வெட்டுகிறது என்று சுபாஸ் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னான். பொடியன் கூடையைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினான். இரண்டு பேரா ஏறுவது என்று கேட்கிறான். சுபாஸ் அத்தானைப் பார்த்தான். அத்தான் கடலைப் பார்த்தார்.

வீட்டில் மெசினை இறக்கியதும், அகஸ்ரினா கேட்பதற்கு அவ்வளவு நேரம் எடுக்கவில்லை. கூடையை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள், பொலித்தீன் பிரிக்காத இரண்டாவது பெல்ற்றைத் தூக்கிப் பார்த்தாள். "இது ஆருக்கு?" என்றாள். சந்தியோகு முகம் கழுவக் கிணற்றடிக்குப் போய்விட்டான். மெசினைப் பார்க்க வந்திருந்த பங்குத் தந்தை றெனால்ட் நல்ல மனுசன், சும்மா இருந்திருக்கலாம். "கூடை மரமில்லையே அகஸ்ரினா. மரத்தில ஏறமாட்டார் எண்டுதானே நேர்ந்தனீங்கள்?" என்று கேட்டுவைத்தார்.

"நான் கேட்டது மரத்தைப் பற்றியில்ல பாதர், உயரத்தைப் பற்றி. மாதாவுக்கு அது விளங்கும். அவவோட வழக்காடச் சொல்லுறியளே?"

கிணற்றடியில் நின்றவனுக்கும் எல்லாம் கேட்டது. அவள் சொன்னது நியாயம்தான் என்று பட்டது. நியாயமாக இருந்ததுதான் இன்னும் வலித்தது.

மறுநாள் காற்று எழும்புமுன் வேலையைத் தொடங்கினார்கள். மெசின் கோயில் கேற்றுக்குள்ளால் உரசாமல் போனது. நான்கு காலுக்கும் கீழே பழைய றெயில் பாதைச் சிலிப்பர்க் கட்டைகளைப் போட்டு மணலில் ஊன்றினார்கள். செயின்சோவை எடுக்குமுன் சும்மா ஒருதடவை மேலே போய்க் கொப்பைப் பார்த்து வருவதென்று பேச்சு. சுபாஸ் கூடைக்குள் ஏறினான். சந்தியோகு வெளியே நின்று கதவைச் சாத்திக் கொழுக்கியை மாட்டினான். மாட்டிய கையை அவனால் எடுக்க முடியவில்லை. கம்பியைப் பிடித்தபடி நின்றான்.

"அத்தான், கையை விடுங்கோ" என்றான் சுபாஸ் மெதுவாக.

கோயில் படியில் இருந்த அகஸ்ரினா அந்தக் கையைப் பார்த்தாள். எழும்பி வந்தாள். இரண்டாவது பெல்ற்றின் பொலித்தீனைப் பல்லால் கிழித்தாள். "கட்டிவிடுங்கோ" என்றாள் புருசனிடம்.

"உனக்கென்ன விசரே?"

"ரெண்டு பேர் நிக்கலாமெண்டுதானே வாங்கினீங்கள். அப்பிடி என்னதான் அங்க இருக்கெண்டு பாத்திட்டு வாறன்."

அவள் பிடித்தால் பிடிதான். கட்டிவிட்டான். கூடை எழும்பியது. ஓட்டைத் தாண்டியது, கோயில் சிலுவையைத் தாண்டியது, வாகையின் தலைப்பையும் தாண்டியது. கீழேயிருந்து பார்த்தால் கம்பி வலைக்குள்ளால் அவளுடைய இரண்டு செருப்பும் மட்டும்தான் தெரிந்தன. மேலே ஒரு காற்று வீச, கூடை இலேசாக ஆடியது. "சுபாஸ்! காணும், இறக்கு!" என்று கத்தினான். கூடை இறங்கவில்லை. முன்பெல்லாம் அவள் இப்படித்தானே கீழே நின்றிருக்கிறாள்? ஏறித் திரிந்த நாட்களில் ஒருநாளாவது குனிந்து அவள் முகத்தைப் பார்த்திருப்பானா? மாதாவை நினைத்து அவன் தன் பாட்டில் மன்றாடத் தொடங்கினான்.

கூடை இறங்கி வந்து நிலத்தைத் தொட்டது. அகஸ்ரினாவின் கொண்டை அவிழ்ந்து கிடந்தது. கன்னம் ஈரமாக இருந்தது. அவள் வெளியே வரவில்லை.

"தம்பி, நீ இறங்கு" என்றாள். சுபாஸ் இறங்கினான்.

"இதையா நான் உங்களை விடச் சொன்னனான்?" என்று கேட்டாள்.

சந்தியோகு "நேர்த்தி..." என்று இழுத்தான்.

"அது நான் வைச்ச நேர்த்தி. மாதாவோட நான் கதைக்கிறன். நீங்கள் ஏறுங்கோ."

அவன் நல்ல காலை முதலில் தூக்கி வைத்தான், பிறகு மற்றக் காலை இழுத்துக்கொண்டான். சுபாஸின் பெல்ற்றை வாங்கிக் கட்டிக்கொண்டு லீவரைப் பிடித்தான். அகஸ்ரினா பின்னாலிருந்து அவனுடைய சேட்டின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்தாள். மேலே போய், இரண்டு கடலையும் பார்த்து, திரும்பக் கீழே வந்து சேரும்வரை அவள் அந்தப் பிடியை விடவேயில்லை.