லியோராவின் முறை

லியோராவின் பிடில் வில் கெளுத்தி மீன் பொரியும் எண்ணெய்ச் சட்டிக்குள் விழுந்ததற்குக் காரணம் நான்தான். தீயணைப்பு நிலையத்தில் வருஷா வருஷம் நடக்கும் மீன் விருந்து. எங்கள் குழு வாசித்துக்கொண்டிருந்தது. என் கிதாரின் தலை அவள் கையில் இடித்தது. வில் பறந்தது, பொரிந்தது. அன்று எங்களுக்குக் கிடைத்த பெரிய கைதட்டல் அதற்குத்தான். அடுப்பை மேடைக்கு இவ்வளவு பக்கத்தில் வைத்த முட்டாள் யார் என்று சத்தம் போட்டேன். வாசனை பிடித்துக்கொண்டே வாசிக்கலாம் என்று காலையில் நகர்த்தச் சொன்னதும் நான்தானாம்.

எங்கள் நால்வரில் யாரும் பாடுவதில்லை. கிளீட்டஸ் வாசிப்பது பாஸ், ஹார்லன் பாஞ்சோ, லியோரா பிடில். என்னுடையது நடுவில் அலுமினியக் கிண்ணம் பதித்த கிதார். வாரில் மாட்டி, மல்லாக்கப் படுக்கவைத்து, தந்திகள்மேல் இரும்புத் துண்டை இழைக்க வேண்டும். படுக்கவைக்க வசதியாகக் கடவுள் எனக்கு ஒரு வயிற்றையும் கொடுத்திருக்கிறார். நால்வருக்கும் ஒரே மைக். முறை வந்தவர் முன்னால் வருவார். முடிந்ததும் விலகி அடுத்தவருக்கு இடம் விடுவார்.

அன்று லியோரா பிடிலைப் பெட்டியில் வைத்து மூடினாள், எல்லோரிடமும் சிரித்த முகமாக விடைபெற்றாள், போனாள். அதற்குப் பிறகு ஒத்திகைக்கு வரவேயில்லை. அவள் இல்லாமல் நாங்கள் வாசித்தது, காணாமல் போன நாயை மூன்று கிழவர்கள் கூப்பிட்டுத் தேடுவது போல இருந்தது.

என்ன கோபம் என்று கிளீட்டஸிடம் கேட்டேன். வைக்கோல் காய்வதற்குள் மழை வந்துவிடும் என்றான். ஹார்லனிடம் கேட்டேன். பீன்ஸ் சீசன், பாவம், அவளுக்கு ஆயிரம் வேலை என்றான். எங்கள் மலைப்பக்கத்து ஜனங்கள் மரியாதைக்காரர்கள். உன் வீடு பற்றி எரிந்தால்கூட, இன்றைக்குக் கொஞ்சம் வெக்கையாக இல்லையா என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

நாக்ஸ்வில் நகரத்துக்குப் போய் நல்ல வில்லாக ஒன்று வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். சமையலறை மேஜையில் பீன்ஸ் மலை மாதிரி குவிந்திருந்தது. இனிப்புத் தேநீர் ஒரு டம்ளரும், நார் உரிக்கச் சொல்லி இரண்டு கைப்பிடி பீன்ஸும் என் முன்னால் வந்தன. வில்லை எடுத்துப் பார்த்தாள், நல்ல வில் என்றாள், பீன்ஸைப் பதப்படுத்த எடுத்துவைத்திருந்த காலி ஜாடிகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். தக்காளி விளைச்சலைப் பற்றிப் பேசினோம். தேநீரும் தீர்ந்தது.

"வில்லு போனதுக்கா லியோரா இந்தக் கோவம்?"

"வில்லுக்கு என்னப்பா, பழசு இன்னொண்ணு பரண்ல கெடக்கு."

"பின்ன?"

அவள் கை நிற்கவில்லை. பீன்ஸ் ஒடிந்துகொண்டே இருந்தது.

"நீ வந்து என்னை இடிச்சேன்னு ஊரே பேசுது. நீ எங்க வந்தே? நீ போகவே இல்ல, ஆர்வில். உன் முறை முடிஞ்சு என் முறை வந்தாச்சு. நீ அங்கேயே நின்னு இழுத்துக்கிட்டே இருந்தே. அன்னிக்கு மட்டுமா? எப்பவும் அப்படித்தான். என் தங்கச்சி செத்தப்ப நான் ஒரு வால்ட்ஸ் மெட்டு கட்டினேனே, அதை ஒரு தடவையாவது கேட்டிருக்கியா?"

"என்ன இப்படிச் சொல்றே? வாராவாரம் உன்கூட வாசிச்சவன்."

"வாசிச்சே. கேட்டியான்னு கேக்குறேன்."

அந்த வால்ட்ஸை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். முழுசாக வந்தது. ஆனால் வந்ததெல்லாம் நான் வாசித்தவை: அவள் மூச்சு விடும் இடங்களில் நான் ஊற்றிய நீண்ட இழுப்புகள், கடைசியில் என் கிதாரின் ஒரு பெருமூச்சு. அவளுடைய மெட்டு முதல் இரண்டு சுரங்களுக்கு மேல் நகரவில்லை. அவள் தங்கையின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

நார் உரித்த பீன்ஸையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தேன்.

"இனிமே கிளீட்டஸுக்குப் பின்னாடி நிக்கறேன். நீ வாசிக்கும்போது இரும்பைப் பைக்குள்ள போட்டுக்கறேன். வேணும்னா என் கையையும் சேத்துக் கட்டிப்போடு. வருவியா?"

சிரித்தாள். எனக்கு உயிர் வந்தது. எங்கள் ஊரில் இப்படிக் கேட்டால் 'பாக்கலாம்' என்பார்கள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் வருஷக்கணக்காகக் காத்திருக்கலாம். நானும் அதற்குத்தான் தயாராக இருந்தேன்.

"வரமாட்டேன், ஆர்வில்" என்றாள் லியோரா.