எறிக்காவின் உதை

போன மாரிமழைக் காலத்தில் கணவன் பீலிக்சின் வலது முழங்கால் பழுதான நாளிலிருந்து, காலை ஏழரை மணி என்றாலே பேர்னிசுக்கு வயிறு எரியும்.

ஏழரைக்கு அடுத்த வளவு எறிக்கா படலையைத் திறந்துகொண்டு வருவாள். வலைப்பந்து ஆடிய கால்கள் அவளுக்கு. பீலிக்சின் தகப்பன் விட்டுப்போன அறுபத்திரண்டாம் ஆண்டு மோட்டார் சைக்கிள், வேறு யார் கிக்கரை உதைத்தாலும் தும்மிவிட்டு நிற்கிற சாமான், அவள் காலுக்கு மட்டும் கட்டுப்படும்.

"பெற்றோல் திறந்திருக்கா அண்ணன்?"

"ஓம், நீ மிதி."

ஒரே உதை. வளவெல்லாம் படபடவென்று அதிரும். பீலிக்ஸ் சிரிப்பார். அந்தச் சிரிப்பை பேர்னிஸ் கடைசியாகப் பார்த்தது தன் கலியாண ஆல்பத்தில்.

"ஏன், என்னைக் கேட்டா நான் உதைக்க மாட்டனா?" என்று ஒருநாள் சோறு போடும்போது கேட்டாள்.

"உனக்கு ஏலா புள்ள. அதுக்கு ஒரு கைப்பக்குவம் இருக்கு."

"கைப்பக்குவமா, கால்பக்குவமா?"

அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து அவள் ஏழு தரம் உதைத்தும் பார்த்திருக்கிறாள். கவுணின் கரை கிழிந்ததுதான் மிச்சம். அதை யாருக்கும் சொல்லவில்லை.

அடுத்த கிழமையே கராச் றிப்ஷானைக் கூப்பிட்டுவிட்டாள். அவன் ஓட்டோவில் கழற்றிய ஸ்டார்ட்டர் மோட்டார் ஒன்றை நாலு நாள் அராவி, வெட்டி, இஞ்சினோடு பொருத்தினான். கைபிடியில் சிவப்புப் பொத்தான்.

"இத அமத்தினாச் சரி அன்ரி. பற்றரி இறங்கினா உதவும் எண்டு கிக்கரையும் விட்டுவெச்சிருக்கன்."

"அதக் கழட்டித் தா தம்பி."

"ஏன்?"

"பார்வைக்கு வடிவில்ல."

உதைக்கிற அந்த இரும்புத் தண்டு அன்றே அரிசி வாளிக்குள் புதைந்தது.

மறுநாள் பீலிக்ஸ் பொத்தானை அமர்த்த, வண்டி உடனே இயங்கியது. "அப்ப இனி என்ர காலுக்கு லீவு," என்று எறிக்கா படலையடியிலிருந்தே திரும்பினாள். பேர்னிஸ் கணவனின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு இல்லை. பொத்தானுக்கு யார் சிரிப்பார்கள்? அது அவளுக்கு இன்னும் எரிந்தது.

இரண்டு கிழமை போனது. விடாமல் மழை பெய்த ஒரு காலை, பொத்தான் 'டிக்' என்றதோடு சரி.

"கிக்கரக் கண்டியா புள்ள?"

"றிப்ஷான் கழட்டினவன். எனக்கென்ன தெரியும்?"

சத்தமே வராததைக் கேட்டு எறிக்கா படலைக்கு வந்துவிட்டாள். தலைமுடியை முடிந்துகொண்டே, "கிக்கர மாட்டுங்க அண்ணன், ஒரு மிதியில எடுத்துத் தாறன்," என்றாள்.

பேர்னிஸ் செருப்பைக் கழற்றி எறிந்தாள்.

"நீங்க ஏறி இருங்க. ரெண்டாம் கியர். நான் தள்ளுறன்."

வாவிக்கரை வீதியில் சேற்றோடு சேறாக முப்பது யார் தூரம் தள்ளியிருப்பாள். வண்டி தும்மியது, குலுங்கியது, பிடித்துக்கொண்டது. பீலிக்ஸ் காலை ஊன்றித் திரும்பினார்.

"நிப்பாட்டினா நிண்டிரும். ஏறு."

"இந்தக் கவுணோடயா?"

"ஏறு புள்ள."

ஏறினாள். பக்கக் கண்ணாடியில் அந்தச் சிரிப்புத் தெரிந்தது.

"பேர்னிஸ் அக்கா, எங்க கா போறீங்க?" என்று பின்னாலிருந்து எறிக்கா கத்தினாள்.

"களுவாஞ்சிக்குடிக்கு," என்றாள் பேர்னிஸ். அங்கே தச்சு வேலைக்குப் போகிறவர் அவர். வெறுங்காலோடு அவளுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

"பின்னேரம் வந்து அந்தக் கிக்கரத் தேடோணும்," என்றார் பீலிக்ஸ்.

அவள் அவர் இடுப்பை இறுக்கிப் பிடித்தாள்.

"தேடுங்க. கிடைக்காது."