உட்கார்ந்து கேட்ட பாட்டு

நாற்காலியின் கைப்பிடிகளுக்கு அடியில் இரண்டு மூங்கில்களைக் கொடுத்து, பக்கத்து வீட்டு அமிர்தநாதன் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான். கத்தரீனாள் கணவனைச் சுற்றிக் கம்பளியைச் செருகினாள்.

"கழுத்த நெரிக்காதட்டி," என்றார் சிலுவைராஜ். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

வாசலை மறித்துக்கொண்டு நின்றாள் அவருடைய அக்கா சந்தனமேரி.

"சாயங்காலம் சாமியார் வாராருன்னு கோயில் உபதேசியார் சொல்லிட்டுப் போயிருக்காரு. அவஸ்தை பூசுத நேரத்துல இவன ஆட்டம் பாக்கத் தூக்கிட்டுப் போறியே, நீ மனுசிதானா?"

"ஆட்டம் இல்ல மதினி, பாட்டு."

"என்ன எழவோ. எண்ணெய் வாங்காம கண்ண மூடுனான்னா ஆண்டவருக்கு யாரு பதில் சொல்லுவா? நீயா, அந்த லாந்தர் செட்டா?"

விடிந்ததிலிருந்து அதே கேள்வியைக் கத்தரீனாளும் தன்னிடம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இருதயம் களைத்துவிட்டது, இன்றோ நாளையோ என்று எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். சிலுவைராஜ் துரைமார் கிளப்பில் மேசைக்குப் பரிமாறும் பேரராக இருந்தவர். கிளப்பில் கூட்டம் கூடுவது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். அதனால் பூசை போயிற்று, பூசையோடு, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனமும் போயிற்று. சாகுமுன் நெற்றியிலும் கைகளிலும் பூசுகிற அந்த எண்ணெய் ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்த வழி.

ஆனால் அவர் ஒன்று கேட்டிருந்தார்.

ரெட் லாந்தர்ஸ் என்பது கொச்சியிலிருந்து மலையேறி வரும் இங்கிலீஷ் பாட்டுக் குழு. கரன்ட் கிதாரும் டிரம்முமாக நாலு பேர். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஜனங்களுக்கு அது லாந்தர் செட்டு. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கிளப்பில் துரைமார் ஆடுவதற்கு அவர்கள் வாசிப்பார்கள். தட்டைக் கையில் ஏந்தி, அடுக்களைக்கும் மேசைகளுக்கும் இடையே நடந்தபடி சிலுவைராஜ் அத்தனை வருஷமும் கேட்டார். பாட்டின் அர்த்தம் ஒரு வரி தெரியாது. எந்த இடத்தில் டிரம் வந்து சேரும் என்பது மட்டும் தெரியும். ஒரு வருஷம் தன்னை மறந்து நின்றுவிட்டார். "பேரர்," என்றார் செக்ரட்டரி துரை, அந்த ஒரு சொல்தான். பிறகு எந்தப் பாட்டுக்கும் அவர் நின்றதில்லை.

இப்போது துரைமார் கம்பெனியை விற்றுவிட்டுச் சீமைக்குப் போய்விட்டார்கள். புதிய மானேஜர் பந்து விளையாடும் கிரவுண்டில், எல்லாத் தொழிலாளிகளும் கேட்கும்படி லாந்தர் செட்டை வரவழைத்திருந்தார். செய்தி வந்த அன்று சிலுவைராஜ் சுவரைப் பார்த்துப் படுத்தபடி சொன்னார்: "ஒருக்காவாவது உக்காந்து கேக்கணும் கத்தரீ."

"சாமியார கிரவுண்டுக்கு வரச் சொல்லி உபதேசியார்கிட்ட சொல்லியிருக்கேன் மதினி," என்றாள் இப்போது.

"டிரம் அடிக்கித எடத்துக்கா? நல்லா வருவாரு."

சந்தனமேரி தம்பியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வாசலை விட்டு விலகினாள். "அவரு இங்க வந்து நின்னாருன்னா ஆளு வேணும்லா. நான் இருக்கேன். வந்தாருன்னா நானே கையப் பிடிச்சு இழுத்துட்டு வாரேன். போங்க, நேரமாவுது."

தேயிலைக்கு நடுவே நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். வழியில் ஒருவன், "என்ன பேரரே, பல்லக்கா? நீரும் தொரையாயிட்டீரா?" என்று கேட்டான். "சலாம் போட்டுட்டு வழிய விடுலே," என்றார் சிலுவைராஜ். தூக்கியவர்கள் சிரித்ததில் நாற்காலி குலுங்கியது.

ஜனங்கள் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் ஆபீஸ்காரர்களுக்கு ஒரு வரிசை நாற்காலி. அதன் ஓரத்தில் அமிர்தநாதன் சிலுவைராஜை இறக்கினான். தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் குப்பண்ணன் திரும்பிப் பார்த்து, "இது ஸ்டாஃப் வரிசையாச்சே," என்றார். அது காதில் விழுந்ததும் சிலுவைராஜின் கைகள் தாமாகவே கைப்பிடியை ஊன்றின. எழுந்திருக்கப் பார்த்தார். கத்தரீனாள் அவர் தோளை அழுத்தினாள்.

"உக்காருங்க."

கண்டக்டர் அந்தக் கால்களின் வீக்கத்தைப் பார்த்தார். மேலே எதுவும் பேசாமல் தன் நாற்காலியை நகர்த்தி இன்னும் கொஞ்சம் இடம் விட்டார்.

குழுவின் வண்டி மலையிறங்கும் முன் பனி மூடிவிடக் கூடாது என்று சீக்கிரமே தொடங்கினார்கள். முதல் பாட்டிலேயே சிலுவைராஜின் விரல்கள் கைப்பிடியில் தட்ட ஆரம்பித்தன. "இப்ப டிரம் வரும் பாரு," என்றார். வந்தது. அவர் அவளை நிமிர்ந்து பார்த்த பார்வையில், தானே அதை வாசித்தது போன்ற பெருமை இருந்தது. கத்தரீனாள் சிரித்தாள். கண்ணை மட்டும் சாலையிலிருந்து எடுக்கவில்லை. சாமியாரின் மோட்டார் சைக்கிள் வரவில்லை. தேயிலை ஸ்டோர் கூரைக்கு மேல் பனி இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் குனிந்து, சாகும் நேரத்தில் சொல்ல வேண்டிய ஜெபத்தை நினைவூட்டினாள். "சேசு மரி சூசைன்னு சொல்லுங்க."

"சொல்லுதேன். இது முடியட்டும்."

அது முடிந்தது. கைதட்டினார்கள். அடுத்தது மெதுவான பாட்டு. அவருடைய விரல்கள் தட்டவில்லை. பாட்டு மெதுவானதால் என்று நினைத்தாள். பாட்டு வேகம் பிடித்த பிறகும் தட்டவில்லை. மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். கம்பளிக்குள் கையை விட்டு நெஞ்சில் வைத்தாள். உள்ளே அதிர்ந்தது. டிரம்காரன் கையை நிறுத்தியதும் அதுவும் நின்றது.

அவர் காதில் வாயை வைத்து மூன்று தடவை சேசு மரி சூசை சொன்னாள். சாய்ந்த தலையைத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டால் போதும், கிரவுண்டே கூடிவிடும். அதன் பிறகு வரும் சாமியார் பிணத்தைத்தான் பார்ப்பார். பிணத்துக்கு எண்ணெய் கிடையாது. ஞானோபதேசம் படித்த சிறு பிள்ளைக்கும் அது தெரியும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மேடையைப் பார்த்து நின்றாள். ஒரு பாட்டு முடிந்து இன்னொரு பாட்டு வந்தது.

பின்னால் ஜனங்கள் விலகும் சலசலப்பு. "சாமியும் டான்ஸ் பாக்க வந்துட்டாருவே," என்று யாரோ சொல்ல, யாரோ அவனை அதட்டினார்கள். அங்கியின் விளிம்பெல்லாம் சேறாக, மூச்சிரைக்க வந்து நின்றார் சாமியார். வயதான மலையாளி. அவள் காதருகே குனிந்தார்.

"ஜீவன் இருக்கா, அம்மா?"

கத்தரீனாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"இப்பத்தான் சாமி… பாட்டுக்கு வெரலால தட்டுனாரு."

சாமியார் சிலுவைராஜின் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த பிடியை விடவில்லை. பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்து அடங்கியது. அவர் தன்னைப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது.

"நல்ல தணுப்பு," என்றார் சாமியார் கடைசியில். "இந்தக் குளிருல எல்லாரோட கையும் இப்படித்தான் இருக்கும். என் கையும் இப்படித்தான் இருக்கு."

பையிலிருந்து ஊதாத் துண்டை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். எண்ணெய்ச் சிமிழைத் திறந்தார். மேடையில் கிதார் தொடங்குவதற்கு முன், "நீ உயிரோடு இருந்தால்…" என்று அவர் ஆரம்பித்தது அவளுக்குக் கேட்டது. எத்தனையோ சாவுப் படுக்கைகளின் ஓரத்தில் அவள் முழந்தாளிட்டிருக்கிறாள். அந்த வார்த்தையை யாருக்கும் சொல்லிக் கேட்டதில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று தலை குனிந்தாள். மற்றதையெல்லாம் டிரம் விழுங்கியது. உதடுகள் அசைவதும், கட்டைவிரல் நெற்றியில் சிலுவை வரைவதும், பிறகு உள்ளங்கைகளில் வரைவதும் மட்டும் தெரிந்தன. உதடுகள் நின்ற இடத்தில், "ஆமென்," என்றாள்.

இனி சாமியார் எழுந்து எல்லோருக்கும் சொல்லுவார் என்று காத்திருந்தாள். அவர் சிமிழை மூடினார். அங்கியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஈரப் புல்லில், நாற்காலியை ஒட்டி உட்கார்ந்தார். சிலுவைராஜின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு மேடைப் பக்கம் திரும்பினார். கண்டக்டர் எழுந்து தன் நாற்காலியைக் காட்டினார். சாமியார் வேண்டாமென்று தலையசைத்தார்.

"முடியட்டும், அம்மா," என்றார் அவளிடம்.

கண்டக்டருக்கு என்ன தோன்றியதோ, கடலைக்காரனைக் கைகாட்டிக் கூப்பிட்டு வறுத்த கடலை மூன்று பொட்டலம் வாங்கினார். வரிசையோரமாக நீட்டினார். சாமியார் ஒன்றை வாங்கிக்கொண்டார். கத்தரீனாள் ஒன்றை வாங்கிக்கொண்டாள். மூன்றாவதைக் கம்பளியின் மேல், கணவனின் மடியில் வைத்தாள். விழுந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். காகிதத்தை மீறிச் சூடு வந்துகொண்டிருந்தது.