சபை நடுவில் டாக்கா தொப்பி

"மதச் சின்னம்னா விட்டுடலாம். அப்படியாம்மா?" அமெரிக்க மாநிலச் சட்டசபை வாசலில் நின்ற காவலர், புரோகிதர் கேதார்நாத்தின் டாக்கா தொப்பியைக் காட்டிக் கேட்டார்.

ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். மகள் சாவித்ராவுக்கு வாய் வரவில்லை.

"சின்னமெல்லாம் இல்ல. தொப்பி. எங்க நேபாளி ஆளுங்க போடுற தொப்பி."

"அப்ப பிரார்த்தனை நேரத்துல கழட்டிடச் சொல்லுங்க. இங்க எல்லாருக்கும் அதான் விதி."

அவள் அதைப் புவாவுக்கு, அப்பாவுக்கு, மொழிபெயர்க்கவில்லை.

முன்பு குடியிருந்த பூட்டானிலும் இந்தத் தொப்பியைத்தான் போடக் கூடாது என்றார்கள். நேபாளி உடை நாட்டுக்கு ஆகாதாம். காவல் நிலையத்தில் கேதார்நாத் கழற்றிக் கொடுத்தார். குனிந்து போனால் விட்டுவிடுவார்கள் என்று நம்பினார். மறு வருஷமே நாட்டைவிட்டுத் துரத்தினார்கள்; வீடு, மாடு, ஏலக்காய்த் தோட்டம் எல்லாம் போயிற்று. சாவித்ரா பிறந்தது நேபாளத்து அகதி முகாமின் மூங்கில் குடிசையில். குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள்தான். இன்றைக்கு அப்பாவின் ஆங்கில நாக்கும் அவள்தான்.

அமெரிக்கா வந்து பதினோரு வருஷம் குளிர்கிடங்கில் பெட்டி தூக்கிய மனிதரை, ஒரு நாள் பிரார்த்தனை சொல்லி சபையைத் தொடங்கிவையுங்கள் என்று தொகுதி உறுப்பினர் அழைத்திருந்தார். அவர்கள் சனமெல்லாம் விடியுமுன்பே அரிசிமாவில் வளையம் வளையமாகச் செல் ரொட்டி சுட்டுக் கட்டிக்கொண்டு பேருந்து பிடித்து வந்து, பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தது. அத்தனை பேர் பார்க்க அப்பா இன்னொரு தரம் வெறுந்தலையாய் நிற்பதா?

உறுப்பினர்கள் எழுந்து நின்றார்கள். சபாநாயகர் குனிந்து, கேதார்நாத்தின் காதருகே மெல்லச் சொன்னார். "ஐயா, அந்த ஹேட்டைக் கொஞ்சம் எடுத்துடுங்க."

கேதார்நாத் பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தார். "என்ன சொல்றாரு?"

"ஆரம்பிங்கன்னு சொல்றாரு, புவா."

அப்பா அவளையே ஒரு நொடி பார்த்தார். தொப்பியை இரண்டு கையாலும் அழுத்தி நேராக்கிக்கொண்டார். கண்ணை மூடி, ஓங்காரமிட்டு, சாந்தி மந்திரத்தை அவசரமே இல்லாமல் முழுதாகச் சொன்னார். சபாநாயகரும் மற்றவர்களோடு தலைகுனிந்து நின்றார். சாவித்ரா ஆங்கிலத்தில் அர்த்தம் சொன்னாள். அதில் ஒரு வார்த்தை பிசகவில்லை.

வெளியே படிக்கட்டில் இறங்கும்போது கேதார்நாத் சொன்னார். "கிடங்குல மேஸ்திரி தினமும் கத்துவான், ஹேட் எங்க, ஹேட் எங்கன்னு. தலையில அது இல்லாம உள்ள விடமாட்டான். பதினோரு வருஷம் கேட்ட வார்த்தை எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் என்கிட்ட கேட்டீங்க?"

"நீயும் கழட்டச் சொல்லுவியோன்னு பார்த்தேன்."