மெக்கானிக் ஏறினால் வாயை மூடும் வண்டி

"கேட்டுச்சா?" என்றாள் தையல்காரம்மா, ஸ்டியரிங்கை விடாமல்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றார் பக்கத்தில் இருந்த கணவர்.

"டப்பாவுல பட்டனைப் போட்டுக் குலுக்கற மாதிரி இல்ல?"

"பட்டனோ பல்லோ, எஞ்சின் கழண்டு நடுரோட்டுல நிக்கப்போறோம். இந்தச் சத்தத்தோட நாலு மணி நேரம் போக முடியாது. வெள்ளிக்கிழமையை மறந்துடு."

வெள்ளிக்கிழமை அவருக்கு வெளியூர் ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன். ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப் போட்டாயிற்று. முதல் தடவை சளி என்றார். இரண்டாம் தடவை பேரனுக்குப் பரீட்சை என்றார். பேரன் பரீட்சைக்கும் தாத்தா கண்ணுக்கும் என்ன உறவு என்று பேரனுக்கே விளங்கவில்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே இருந்தது. நேரே இருப்பது தெரியும். ஓரமெல்லாம் இருட்டிக்கொண்டு வந்தது. இந்த மாதம் தாண்டினால் மிச்சப் பார்வைக்கும் உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

பஸ்ஸில் போகலாம் என்றால் அதற்கும் ஆகாது. முப்பத்தைந்து வருடம் பஸ் ஓட்டிய மனிதர். "இன்னொருத்தன் ஓட்டற பஸ்ஸுல நான் உக்காரமாட்டேன்" என்பார்.

"நான் ஓட்டினா மட்டும் உக்காருவீங்களா?"

"நீ ஓட்டறதை யாரு ஓட்டறதுன்னு சொன்னா?"

ஐம்பத்தெட்டு வயதில் லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது அவளுக்கு. சொல்லட்டும், உட்கார்ந்தால் சரி என்று விட்டிருந்தாள். இப்போது இந்தச் சத்தம் வந்து குறுக்கே படுத்துக்கொண்டது.

தெருமுனைப் பட்டறைக்காரரைக் கூப்பிட்டாள். ஸ்பேனர் என்றால்தான் தெருவுக்குத் தெரியும். சொந்தப் பெயரைக் கேட்டால் அவரே ஒரு நொடி யோசிப்பார்.

"ஒரு ரவுண்டு போலாம் அண்ணி. கேட்டுட்டாப் போச்சு" என்று பின்சீட்டில் ஏறினார் ஸ்பேனர். முன்சீட்டில் கணவர் ஜன்னலை இறக்கினார், ஏசியை அணைத்தார். "சத்தம் தெளிவாக் கேக்கட்டும்" என்றார். ஸ்பேனரும் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டார். வண்டி பூனை மாதிரிப் போயிற்று.

"எங்க அண்ணி சத்தம்?"

"இவ்வளவு நேரம் இருந்துச்சு."

"உங்க வண்டிக்கு என்னைக் கண்டா வெட்கம் போலிருக்கு."

மறுநாளும் அதே கதை. ஸ்பேனர் வண்டிக்கடியில் படுத்து சைலன்சரைத் தட்டினார், எஞ்சினைத் தாங்கும் ரப்பரை அசைத்தார், ஆயிலை மாற்றினார். மூன்றாம் முறையும் ஜன்னலை இறக்கி, ஏசியை அணைத்து, மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தார்கள். குருவிச் சத்தம்கூடக் கேட்டது. கடகடா மட்டும் இல்லை.

"ஒண்ணுமே இல்லைன்னு எழுதிக் குடுத்துடவா அண்ணே?"

"நீ எழுதிக் குடுப்பே. நடுவழியில நின்னா உன் கையெழுத்தா வந்து தள்ளும்?" என்றார் கணவர்.

தையல்காரம்மாவுக்கு ஆத்திரமாக வந்தது. தையல் மெஷினில் ஒரு திருகு தளர்ந்தால் அடுத்த அறையிலிருந்தே கண்டுபிடிக்கிறவள். தன் காதைத் தானே சந்தேகப்படும்படி ஆகிவிட்டதே.

புதன்கிழமை மத்தியானம் கணவர் முடிவெட்டப் போயிருந்தார். இன்னொரு முறை பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிய ஸ்பேனரைப் பட்டறையில் இறக்கிவிட அவளே ஓட்டினாள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஜன்னலை ஏற்றி, ஏசியைப் போட்டாள்.

கடகடகடவென்று ஆரம்பித்தது.

"அண்ணி, நிப்பாட்டாதீங்க. அப்படியே ஓட்டுங்க. இப்ப என்ன பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலையே."

"ஏதோ பண்ணீங்க."

"ஏசி போட்டேன். புழுக்கத்துக்குப் போடக்கூடாதா?"

"அணைங்க."

அணைத்தாள். சத்தம் நின்றது.

"போடுங்க."

போட்டாள். கடகடகட.

ஸ்பேனர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "சத்தம் கேக்கணும்னு சத்தத்தையே அணைச்சுட்டுத் தேடியிருக்கோம். மூணு வாட்டி."

பட்டறையில் பானட்டைத் திறந்தார். ஏசி கம்ப்ரஸரைப் பிடித்திருந்த நாலு போல்ட்டில் ஒன்று எங்கோ விழுந்திருந்தது, ஒன்று விரலுக்கே சுழன்றது. அவளுக்கு வந்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

"ஒவ்வொரு வாட்டியும் ஏசியை அணைச்சது அவர்தானே?" என்று கேட்டாள்.

"அண்ணன்தான். நானா இருந்தாலும் அதையேதான் செய்வேன், அதான் வித்தியாசமாத் தெரியலை."

வீட்டுக்கு வந்தபோது கணவர் புது முடியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தோளில் இன்னும் இரண்டு மயிர் ஒட்டிக்கொண்டிருந்தது.

"வண்டி சரியாயிடுச்சு" என்றாள்.

அவர் தரையைப் பார்த்தபடி கேட்டார், "போல்ட்டு கிடைச்சுதா?"

"நான் இன்னும் போல்ட்டுன்னு சொல்லவே இல்லையே."

அவள் வண்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பினாள்.

"எப்பத் தெரியும்?"

"மொத நாளே."

"அந்த மனுஷனை மூணு நாள் வண்டிக்கடியில படுக்க வெச்சீங்களே."

"அவனுக்கும் நெழல்ல படுத்த மாதிரி ஆச்சு."

கோபப்படத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அவர் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப நேரே இருக்கறது தெரியுது" என்றார் அவர். "உன் மூஞ்சி தெரியுது. கண்ணுக் கட்டை அவுக்கறப்ப அதுவும் இல்லைன்னா?"

"இந்த மூஞ்சியில பார்க்க இன்னும் என்ன மிச்சம் இருக்கு?"

"இருக்கு" என்றார், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

அவர் தோளில் ஒட்டியிருந்த மயிரைத் தட்டிவிட்டாள். "நானும் ஒண்ணு சொல்லணும்" என்றாள். "எனக்கு லாரியைத் தாண்டத் தெரியாது."

"என்னது?"

"எட்டு மாசத்துல ஒண்ணைக்கூடத் தாண்டினதில்லை. முன்னாடி லாரி வந்தா அது போற இடத்துக்கே நானும் போயிடுவேன். அன்னிக்குக் காய் வாங்கப் போனவ சிமெண்ட் கிடங்குக்குள்ள போய் நின்னேன்."

அவர் சிரித்தார். பல நாளைக்குப் பிறகு, தோள் குலுங்க. "வண்டியெல்லாம் வெள்ளையா வந்தியே, அன்னிக்கா?"

"சிரிங்க. வெள்ளிக்கிழமை நாலு மணி நேரம் ஹைவேயில எத்தனை லாரி வரும்? எப்பப் போகணும்னு பக்கத்துல இருந்து சொல்ல ஆள் வேணும். நேரே பார்க்கற கண்ணு போதும், ஓரத்தை நான் கண்ணாடியில பார்த்துக்கறேன். ஆனா இந்த வருஷத்தோட லாரி ஓடறது நிக்கப்போறதில்லை. அடுத்த வருஷமும் எனக்கு அந்தக் கண்ணு வேணும்."

ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது அவர் தட்டைப் பார்த்தபடியே, "அஞ்சு மணிக்குக் கெளம்பினா வெயிலுக்கு முன்னாடி பாதி தூரம் போயிடலாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை ஊர் எல்லை தாண்டியதும் முன்னால் இரும்புக் குழாய் ஏற்றிய லாரி ஒன்று. அவள் வேகத்தைக் குறைத்து அதன் பின்னாலேயே போனாள்.

"கண்ணாடியில யாராச்சும்?"

"இல்லை."

"முன்னாடியும் இல்லை. கியரைக் குறை. ஹாரன் குடு. போ. யோசிக்காதே, போ."

போனாள். குழாய்கள், டயர்கள், டிரைவரின் முழங்கை எல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின.

"தாண்டிட்டோமா?" என்றார் கணவர்.

"நீங்க பார்க்கலையா?"

"பாதியில கண்ணை மூடிட்டேன்."

"ஏங்க, உங்களை நம்பித்தானே போனேன்."

"உன்னை நம்பித்தானே மூடினேன்."

அதற்கப்புறம் இன்னும் பதினாறு லாரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு சண்டை. ஆஸ்பத்திரி வந்ததே தெரியவில்லை. நர்ஸ் கதவைத் திறந்து அவரை உள்ளே கூப்பிட்டபோதுகூட, "ஒரு நிமிஷம்மா, பதினொண்ணாவது லாரியில இவ பண்ண தப்பைச் சொல்லிட்டு வந்துடறேன்" என்றார். சொல்லி முடித்தார். பிறகு அவள் கையில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.