சர்புன்னிசாவின் இடது கை

திண்டுக்கல் பேகம்பூரில் சர்பத் கடை வைத்திருந்த ரஹ்மத்துல்லாவின் மகள் சர்புன்னிசாவின் இடது கையில் ஐஸ் கட்டியை வைத்தால் அது உருகாது. வலது கையில் வைத்தால், எல்லார் கையிலும் உருகுவதுபோல் உருகி முழங்கை வழியாக ஒழுகும். இடது கையில் மட்டும், அவளாகக் கீழே வைக்கிறவரை வைத்தது வைத்தபடி இருக்கும். இது தெரியவந்தது 1951ஆம் வருஷத்துக் கத்திரி வெயிலில், அவளுக்குப் பதினைந்து வயது இருக்கும்போது. மதிய லுஹர் தொழுகைக்குப் போன ரஹ்மத்துல்லா திரும்பி வந்து பார்த்தால், போகும்போது மகளைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்த கட்டி அதே அளவில், அதே கூர்மூலையோடு இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கடைக்கு நல்லதுதான்" என்று சொல்லி சர்பத் கலக்க உட்கார்ந்துவிட்டார். ஒரு வாரம் கடைத்தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. அப்புறம் பூட்டு விலை ஏறியது, ஜனங்கள் அதைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள். நான்கு வருஷம் கழித்து அவளைக் கொழிஞ்சிப்பட்டி சேக் பரீதுக்கு நிக்காஹ் செய்து அனுப்பியபோது ரஹ்மத்துல்லா தேம்பித் தேம்பி அழுதார். பாதி அழுகை மகளுக்கு, பாதி ஐஸுக்கு என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சொன்னார்கள்.

கொழிஞ்சிப்பட்டி ரெட்டியார்சத்திரத்துக்கும் செம்பட்டிக்கும் நடுவில் பஸ் நின்றாலும் நிற்கும், நிற்காமலும் போகும் ஊர். ஆனால் 1954 தை மாதத்திலிருந்து அங்கே தண்ணீர் டேங்க் இருந்தது. நான்கு கால், முப்பதடி உயரம், தெருவுக்கொன்றாக எட்டுக் குழாய். சுற்றுவட்டத்தில் பதினேழு ஊர் குளத்து ஊற்றைத் தோண்டிக் கலங்கல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த காலம் அது. கொழிஞ்சிப்பட்டிக்காரர்களுக்குத் தலை கால் புரியவில்லை. பெண் பார்க்க வந்தவர்களை முதலில் டேங்கடிக்குத்தான் கூட்டிப் போனார்கள், பெண்ணை அப்புறம் காட்டினார்கள். திறப்பு விழாவன்று பஞ்சாயத்து பிரசிடெண்ட் அருளப்பன் ஏணியில் ஏறி, மாதா கோயில் சாமியார் மந்திரித்துக் கொடுத்த தீர்த்தத்தை டேங்குக்குள் ஊற்றினார். பிள்ளையார் கோயில்காரர்கள் பாலும் பழநிப் பஞ்சாமிர்தமும் விட்டார்கள். பள்ளிவாசல் தெருக்காரர்கள் தர்கா பன்னீரையும் ரோஜா இதழையும் போட்டார்கள். யாரும் யாருக்கும் சளைக்கவில்லை. அன்றுமுதல் ஊரில் அறுவடை நன்றாக இருந்தாலும், மாடு கன்று போட்டாலும், பையன் எட்டாவது பாஸானாலும் யாராவது ஒருவர் ஏணியில் ஏறி நன்றிக்கு ஒரு கை பூவோ தேங்காய்ச் சில்லோ உள்ளே போட்டுவிட்டு இறங்கினார்.

டேங்குக்கென்று ஊருக்கு வெளியே தோண்டிய கிணற்றிலிருந்து தண்ணீர் ஏற்றும் ஆயில் எஞ்சினுக்கு சேக் பரீதுதான் டிரைவர். விடியற்காலையில் எஞ்சினைக் கிளப்பி, பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து டேங்குக்கு ஏறும் தண்ணீரில் ஊற்றி, மணி பார்த்துக் குழாய் திறப்பதை ஒரு நாள்கூடத் தவறவிட்டவர் இல்லை. சர்புன்னிசா அந்த ஊருக்கு வந்து சேர்ந்த பின் கொழிஞ்சிப்பட்டிக்குப் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. காய்ச்சல் கண்ட பிள்ளைகளைத் தாய்மார்கள் அவளிடம் தூக்கி வந்தார்கள், அவள் நெற்றியில் கை வைத்து அனுப்பினாள். இடது கையில் பிடித்தால் டீ ஆறிப்போகும் என்பதால் வலது கையிலேயே குடித்தாள். மார்கழியில் அந்தக் கையைப் போர்வைக்கு வெளியே வைத்துக்கொள்ளச் சொன்ன சேக் பரீது, சித்திரையில் அதை எடுத்துத் தன் பிடரியில் வைத்துக்கொண்டார்.

எல்லாம் சரி, அந்தத் தண்ணீர் நல்ல தண்ணீர்தானா என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. வருஷத்துக்கு இரண்டு தடவை குழாய்த் தண்ணீரைப் போத்தலில் பிடித்து, ஐஸில் வைத்து, இருபத்திநாலு மணி நேரத்துக்குள் சென்னை சர்க்கார் பரிசோதனைக் கூடத்தில் சேர்க்க வேண்டும் என்பது சட்டம். கொழிஞ்சிப்பட்டிப் போத்தலும் ஒழுங்காகத்தான் போனது. ஆனால் திண்டுக்கல்லில் ரயிலேறிய ஐஸ் திருச்சிக்குள் தண்ணீராகி, விழுப்புரத்துக்குள் வெந்நீராகிவிடும். 'மாதிரி சூடான நிலையில் வந்து சேர்ந்தது, பரிசோதிக்கவில்லை' என்று சிங்க முத்திரை போட்ட கடிதம் ஒவ்வொரு தடவையும் வந்தது. குறை ஒன்றும் சொல்லவில்லையே என்று அருளப்பன் அவற்றில் ஒன்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பஞ்சாயத்து ஆபீஸில் மாட்டிவிட்டார். அதற்கிடையில் மாயம்மாளின் மகளுக்கு அடுத்தடுத்த இரண்டு கோடையிலும் பேதி கண்டு, பிழைத்ததே பெரிய காரியமாகப் போயிற்று. மாயம்மாள் சர்புன்னிசாவுக்கு அடுத்த வீடு. களையெடுக்கிற கையும் ஓயாது, வாயும் ஓயாது.

1958இல் வந்த சுகாதார இன்ஸ்பெக்டர் வைகுந்தம் எதற்கும் ஆச்சரியப்படாத மனிதர். எஞ்சினைப் பார்வையிட வந்தவருக்கு சேக் பரீது வீட்டில் சர்பத் கொடுத்தார்கள். விலகிய திரைக்குப் பின்னால் சர்புன்னிசா ஒரு கையில் ஐஸைப் பிடித்து மறு கையால் உடைப்பதையும், ஒரு சொட்டு கீழே விழாததையும் அவர் பார்த்தார். குடித்து முடித்துவிட்டு, "எத்தனை மணி நேரம் தாங்கும்மா?" என்று கேட்டார். "கீழ வைக்கிற வரைக்கும் தாங்குமுங்க" என்றாள் அவள். அவர் டைரியில் எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரமே இன்ஸ்பெக்டர் குழாய் வாயை ஸ்பிரிட் தீயில் காட்டி, காய்ச்சிச் சுத்தம் செய்த போத்தலில் தண்ணீர் பிடித்து, மூடி, தகர டப்பாவில் ஐஸுக்கு நடுவில் இறக்கினார். சர்புன்னிசா டப்பாவுக்குள் இடது கையை விட்டாள். சேக் பரீது எஞ்சினை விட்டு நகர முடியாததால் மாயம்மாள் துணைக்குப் போனாள். ரயிலில் வழியெல்லாம் மாயம்மாளே புளியோதரை உருட்டி ஊட்டி, புர்காவைச் சரிசெய்து, டப்பாவில் என்ன என்று கேட்டவர்களுக்கெல்லாம் "எங்க ஊருத் தண்ணி, பரீட்சைக்குப் போகுது" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பரிசோதனைக் கூடத்தில் டப்பாவைத் திறந்தவர், கட்டிகளின் மூலைகூட மழுங்காததைக் கண்டு, எழும்பூரில் வாங்கியதா என்று கேட்டார். திண்டுக்கல்லில் வாங்கியது என்று சொன்னதும் ரசீது போட்டுக் கொடுத்தார். நான்கு வருஷத்தில் முதல் தடவையாகக் கொழிஞ்சிப்பட்டித் தண்ணீர் பரீட்சை எழுதியது.

தேறவில்லை. 'மலக் கிருமிகள் உள்ளன, குடிக்கத் தகுதியற்றது. முப்பது நாளில் சரிசெய்து மறு மாதிரி தேறாவிட்டால் டேங்கைப் பூட்டி முத்திரை வைக்க வேண்டும்' என்று கடிதம் வந்தது. அருளப்பன் அதைக் கூட்டத்தில் படித்தார். பூட்டினால் மறுபடி குளத்து ஊற்றுதான். முதலில் யாரும் நம்பவில்லை. நம்பிய பின் குற்றம் சொல்ல ஓர் இடம் தேவைப்பட்டது. அதைப் பிரசிடெண்டே எடுத்துக் கொடுத்தார். "பீச்சாங்கையில எடுத்துட்டுப் போனா மலக்கிருமி வராம மல்லிகைப்பூவா வரும்?" என்றார். கூட்டம் சிரித்தது. சேக் பரீது சிரிக்காமல் எழுந்துபோய் எஞ்சினைத் துடைத்தார். அன்று சாயங்காலம் சர்புன்னிசா குழாயடிக்குப் போனபோது பெண்கள் விலகி வழி விட்டார்கள். மரியாதையால் விட்ட வழியில்லை அது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் குடத்தை நிரப்பிக்கொண்டுதான் திரும்பினாள்.

ஊர் தன் வழியில் முயன்று பார்த்தது. பஞ்சாயத்து கிளார்க் வலது கையாலேயே போத்தலைத் தூக்கிக்கொண்டு சென்னை போனார். திருச்சியில் ஐஸ் தண்ணீராயிற்று. 'சூடான நிலையில் வந்து சேர்ந்தது' என்ற பழைய கடிதம் புதுத் தேதியோடு வந்தது. முப்பதில் பதினொரு நாள் போய்விட்டது. அதற்கு மேல் பொறுக்காமல் சர்புன்னிசா மாயம்மாளைக் கூட்டிக்கொண்டு நேராகப் பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போனாள். பள்ளிவாசல் தெருப் பெண்கள் யாரும் அதுவரை அதன் படி ஏறியதில்லை.

"பிரசிடெண்டய்யா, எனக்கு ரெண்டு போத்தல் குடுங்க" என்றாள். "ஒண்ணு கிணத்துத் தண்ணி, ஒண்ணு குழாத் தண்ணி. ரெண்டையும் இந்தக் கைதான் கொண்டு போகப் போகுது. என் கை அழுக்குன்னா ரெண்டும் அழுக்காத்தான வரணும்? ஒண்ணு நல்லா வந்துச்சுன்னா அப்ப என்ன சொல்வீக?"

அருளப்பன், "ரெண்டும் கெட்டு வந்துட்டா?" என்று கேட்டார்.

"கெட்டு வந்தா இந்தக் கைய முக்காட்டுக்குள்ள வச்சுக்கிட்டு அத்தா வீட்டுக்குப் போயிர்றேன்" என்றாள். மாயம்மாள், "நானும் கூடவே போயிருவேன், அப்புறம் ஒங்க வயல்ல யாரு களையெடுக்கான்னு பாத்துக்கங்க" என்று சேர்த்துக்கொண்டாள்.

இரண்டு போத்தலும் ஒரே டப்பாவில், ஒரே கையின் கீழ் போயின. எட்டாம் நாள் கடிதம் வந்தது. கிணற்றுத் தண்ணீர் சுத்தம், குழாய்த் தண்ணீர் அசுத்தம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு தடவை படித்தார்கள். கை தப்பித்தது, கிணறு தப்பித்தது. மிச்சமிருந்தது டேங்க் ஒன்றுதான். சேக் பரீது லாந்தரோடு ஏறி மூடியை நகர்த்தி உள்ளே பார்த்தார். அடியில் ஒரு முழம் சேறு. அதில் ஊரின் நன்றியெல்லாம் கிடந்தது. பாலும் பஞ்சாமிர்தமும் ரோஜா இதழும் தேங்காய்ச் சில்லும் அழுகிக் கிடக்க, மந்திரித்த மெழுகுவர்த்தித் துண்டுகள் மேலே மிதந்தன. ஏறுகிறவர்கள் எல்லாம் கும்பிட்டார்களே தவிர, மூடியை முழுதாக இழுத்துச் சாத்தவில்லை. அந்த இடுக்கு வழியாகப் பஞ்சாமிர்தத்துக்கு வந்த காக்கையும் புறாவும் தங்கள் பங்கையும் போட்டுவிட்டுப் போயிருந்தன. சேக் பரீது கரைத்து ஊற்றிய பிளீச்சிங் பவுடர் அத்தனைக்கும் எந்த மூலைக்குப் போதும்? கொழிஞ்சிப்பட்டி தன் டேங்கை அன்பு காட்டியே கெடுத்திருந்தது.

இரண்டு நாள் ஊரே சேறு அள்ளியது. யார் போட்டது எது என்று யாரும் கேட்கவில்லை, எல்லார் வாளியிலும் எல்லாம் வந்தது. சுண்ணாம்பு அடித்து, பவுடர் போட்டுக் கழுவி, மூடியை இறுக்கி, திண்டுக்கல்லிலிருந்து ஏழு லீவர் பூட்டு ஒன்று வாங்கிவந்து பூட்டினார்கள். சாவி சேக் பரீதின் இடுப்பில் ஏறியது. சர்புன்னிசா மூன்றாம் தடவை ரயிலேறினாள். இருபத்தெட்டாம் நாள் வைகுந்தத்துக்குத் தந்தி வந்தது. அதில் ஒரே வரி: 'குடிக்கத் தகுதியானது.'

எட்டுத் தெருவும் அன்று ஒரே குழாயடியில் கூடியது. முதல் குழாயை சர்புன்னிசாதான் திறக்க வேண்டும் என்று மாயம்மாள் கத்த, கூட்டமும் கத்தியது. அவள் திறந்து டம்ளரில் பிடித்தாள். பிடித்தவள் ஒரு கணம் யோசித்துவிட்டு, டம்ளரை இடது கைக்கு மாற்றி அருளப்பனிடம் நீட்டினாள். இடது கையால் கொடுப்பதைக் கொழிஞ்சிப்பட்டியில் பிச்சைக்காரன்கூட வாங்கமாட்டான். அருளப்பன் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டி அதை வாங்கினார். ஒரே மூச்சில் குடித்தார். "ஆத்தாடி, என்னா சில்லுனு இருக்கு!" என்றார். பிறகு, எல்லாருக்கும் கேட்கும்படி, "தாயி, நான் பேசுனது தப்பு" என்றார். சேக் பரீதுக்குக் கண் கலங்கிவிட்டது. எஞ்சின் புகை என்று அவர் சொன்னார், எஞ்சின் அப்போது ஓடவில்லை.

அதன்பின் ஒரு தடவைகூட கொழிஞ்சிப்பட்டித் தண்ணீர் தவறியதில்லை. நன்றி சொல்ல வருகிறவர்கள் கீழிருந்து டேங்கின் கால்களுக்கு மாலை போட்டார்கள். விசேஷ நாட்களில் சேக் பரீதைக் கெஞ்சி, அவர் கையால் பூட்டுக்குச் சந்தனம் வைக்கச் சொன்னார்கள். 1961க்குள் பக்கத்து ஒன்பது ஊர்களில் டேங்க் வந்தது. அந்தப் போத்தல்களும் சர்புன்னிசாவின் டப்பாவில்தான் போயின. மாயம்மாளின் மகள் வளர்ந்து துணைக்குப் போக ஆரம்பித்தாள். எழும்பூர் ஸ்டேஷனில் போர்ட்டர்கள் அவர்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்தார்கள்.

1966இல் ஜில்லாவுக்குப் புதிதாகத் தண்ணீர் மாதிரி படிவம் அச்சடித்தார்கள். அதன் ஐந்தாவது வரியில், 'மாதிரி அனுப்பிய முறை: ஐஸ் பெட்டி / சர்புன்னிசா. வேண்டாததை அடிக்கவும்' என்று இருந்தது. வெளி ஜில்லாவிலிருந்து மாற்றலாகி வந்த ஓர் அதிகாரி, இது நல்ல முறையாகத் தெரிகிறதே, நம் ஆபீஸுக்கு இரண்டு சர்புன்னிசா வாங்கிப் போடுங்கள் என்று எழுதிக் கேட்டார். கைவசம் ஒன்றுதான் இருக்கிறது, அது கொழிஞ்சிப்பட்டியுடையது என்று பதில் போயிற்று. அதிகாரி குறித்துக்கொண்டு கோப்பில் சேர்த்தார்.